மூன்று தடவை கூப்பிட வேண்டும்

“எத்தனை பேரு வாராக, அண்ணாச்சி?”

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட பெண்மணி அப்படிக் கேட்டதும் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வெயில்தான் நின்றுகொண்டிருந்தது. “நான் மட்டுந்தாம்மா” என்றேன். நான்கு நாற்காலி போட்ட மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டு, மற்ற மூன்று தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். என் மனைவி இருந்திருந்தால், “தட்டு பாட்டுக்குக் கெடக்கட்டுமே, அதுக்கு என்ன, இடுப்பா வலிக்குது?” என்று கேட்டிருப்பாள்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற சாலையில், புதுக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்தக் கடை. மாடியில் காலண்டர் மாதிரிகளை மாட்டி வைத்திருக்கும் ஷோரூம். கீழே சிவப்புக் காகித விளக்குகளும் குளிர்ந்த காற்றுமாக இந்தச் சாப்பாட்டுக் கடை. டிம் சம் கிடைக்கும், வியட்நாம் சாப்பாடு கிடைக்கும் என்று வாசலில் தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகளும், சர்ச்சில் ஆராதனை முடித்து வரும் டீச்சர் குடும்பங்களுமாகக் கடை நிறைந்துவிடும். ஒற்றை ஆளாக வருகிறவன் நான்தான்.

நான் அங்கே போனது ஒரு பரீட்சைக்குப் படிக்க.

என் மகன் வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தில் இருக்கிறான். விருதுநகரில் மிளகும் மல்லியும் வாங்கி விற்கிற ஒரு கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கச் சேர்ந்தவன். மிளகு அந்த நாட்டிலிருந்து வரத் தொடங்கியதும் இவனையே அங்கே அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். தங்கமான பிள்ளை. கல்யாணம் முடிந்து இங்கே வந்திருந்தபோது இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனோம். சுடுமணலில் வெறுங்காலோடு, என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்தது. என் மனைவி போய் இப்போது இரண்டு வருஷம். பேத்திக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அவளை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன்.

பேத்தி பிறந்த வாரமே மகன் கூப்பிட்டான். “யப்பா, ஒத்தையில அங்கன என்ன செய்யப் போறீக? வந்து எங்ககூட இருங்க.”

“இருக்கட்டும்யா. அந்த ஊரு சாப்பாடு எனக்கு ஒத்துக்கிடாது” என்றேன்.

போக ஆசை இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் உடனே உட்கார்ந்துவிடக் கூடாது. “இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்” என்று ஒரு தடவை மறுக்க வேண்டும். “காலையிலருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு” என்று இன்னொரு தடவை. மூன்றாவது தடவை வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். அப்போதுதான், ஏதோ அவருக்காக என்பது போல உட்கார வேண்டும். முதல் வார்த்தைக்கே உட்கார்ந்தவரை ஊர் லேசில் விடாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு ‘இலை போடுமுன்னே’ என்று பட்டப்பெயரே உண்டு. பரிமாறும்போதும் இதே கதைதான். போதும் என்று இலைக்கு மேலே கையை நீட்டினால் அந்தக் கையின் மேலேயே ஒரு கரண்டி விழும். என் மனைவி கரண்டியும் கையுமாக நின்று சொல்லுவாள்: “கைதான் போதும்ங்குது. மூஞ்சி இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

மகன் இரண்டாவது தடவை கூப்பிட்டது, அவளுடைய திதி அன்றைக்கு.

“சாப்பாடுதானப்பா பிரச்சினை? இந்த ஊருச் சாப்பாட்டுக் கடை நம்ம ஊர்லயே வந்திருக்காம். கொஞ்ச நாள் போயிச் சாப்பிட்டுப் பாருங்க. ஒத்துக்கிட்டாச் சொல்லுங்க, டிக்கெட் போட்டுர்றேன்.”

“பாப்பம்யா” என்றேன்.

மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது சரி என்று சொல்லிவிட வேண்டியது. அதற்குள் வயிற்றைப் பழக்கிவிட வேண்டியது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். அது வந்ததும் பழைய காலண்டர் தாளில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். மகனிடம் மூச்சு விடவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் வந்தது ஒரு பெரிய கிண்ணம். இடியாப்பத்தை அகலமாகப் பிழிந்து கறிச்சாற்றில் மிதக்க விட்டது போல இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலையும், முளைகட்டிய பயறும், எலுமிச்சைத் துண்டும். சாற்றில் அன்னாசிப்பூ வாசம் அடித்தது. அது கல்யாண வீட்டுப் பிரியாணி வாசம். இலையைக் கசக்கினால் திருநீற்றுப் பச்சிலை வாசம். இரண்டும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு சின்னக் குப்பியில் மீன் சாறு என்று வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் கருவாட்டுப் பானைக்குள் தலையை விட்டது போல இருந்தது. சாப்பிடக் கொடுத்த இரண்டு குச்சிகளைப் பிடிக்கத் தெரியாமல் கரண்டியால் பாதிக் கிண்ணம் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

“போதுமா, அண்ணாச்சி?”

“போதும்மா” என்றேன், வழக்கம் போல.

அந்தப் பெண்மணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிண்ணம் சமையலறைக் கதவுக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் ‘போதும்’ என்ற வார்த்தையை ஒருவர் அப்படியே நம்பிவிட்டது அதுதான் முதல் தடவை. அரை வயிற்றோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய் இரண்டு பரோட்டா தின்றேன்.

அடுத்த வாரம் அரிசித் தாளில் சுற்றிய சுருளைக் கொண்டுவந்தார்கள். நான் நாற்பது வருஷம் ஓர் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் நின்றவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் மிஷினுக்கடியில் விழுந்த துண்டுத் தாள்களில் படித்ததுதான். தாளைக் கண்டால் விரல் சும்மா இருக்காது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டர் பேப்பர் போல இருந்தது. உள்ளே இருந்த இறால் சிவப்பாக நிழலாடியது.

“ஏம்மா, இது எத்தனை ஜி.எஸ்.எம். பேப்பரு?”

தாளின் கனத்துக்கு அச்சாபீசில் சொல்லும் கணக்கு அது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “தின்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, லோடு எறக்கிருவம்.” கல்யாணத்துக்கு முன்னால் அவரும் வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டியவராம். ஊர் ஆனைக்குட்டம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மற்ற மூன்று தட்டுகளை நான் வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார். நான் பார்க்கக் கூடாது என்றுதான் செய்திருப்பார். ஆனாலும் அந்த மூன்று வெற்றிடங்களும் தெரியத்தான் செய்தன.

குச்சி பிடிக்க வீட்டில் பழகினேன். ஒரு தட்டில் வறுத்த கடலையைக் கொட்டி, இன்னொரு தட்டுக்கு ஒவ்வொன்றாக மாற்றுவது. டி.வி.யைப் போட்டால் கவனம் போகிறது, போடாவிட்டால் கடலை விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“என்ன சித்தப்பா, கோழி மாதிரி கொத்திக்கிட்டு இருக்கீக?”

“கோழிக்குப் பொறக்கும்போதே அலகு இருந்துச்சு, தாயி. எனக்கு இப்பத்தான் மொளைக்குது.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த வாரத்தில் நான் ஒரு மனுஷரிடம் முகம் பார்த்துப் பேசியது அவ்வளவுதான். அதனால் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாலாவது ஞாயிறு டிம் சம் சாப்பிட்டேன். மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே கண்ணாடி போன்ற தோலோடு நாலு கொழுக்கட்டை. இனிப்புப் பூரணத்துக்குப் பதிலாகக் கோழி. குச்சியால் நானே எடுத்தேன், ஒன்றும் கீழே விழவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. மூன்று சாப்பிட்டுவிட்டு நாலாவதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “போதுமா?” என்ற கேள்வி வந்தது. “போதும்” என்றேன். அந்தப் பெண்மணி கூடையில் கை வைத்தவர் எடுக்காமல் நின்றார்.

“அண்ணாச்சி, நானும் இந்த ஊருதான். நீங்க போதும்னா அது போதும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இங்கன வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிட்டாக. ஒருக்காக் கேளு, போதும்னா எடுத்துரு, வாரவகளை வம்பு பண்ணாதேன்னு. எனக்கே கை கூசுது. இனிமே வேணும்னா வேணும்னு சொல்லிப்போடுங்க.”

“பழக்கமில்லையேம்மா” என்றேன். அப்போதுதான் எதற்காக வாராவாரம் வருகிறேன் என்பதையும் சொன்னேன். மகன், பேத்தி, பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட், எல்லாம்.

“சொல்லிட்டீகளா, ஒத்துக்கிடுச்சுன்னு?”

“அவன் மறுபடி கேக்கட்டும்னு இருக்கேன்.”

அவர் கூடையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

மகன் வாரம் தவறாமல் பேசினான். மருந்து, மழை, பேத்திக்கு முளைத்த பல் என்று எல்லாவற்றையும் பேசினான். நான் இறால் சுருளைப் பற்றி எடுத்து விட்டேன். “பரவால்லையேப்பா!” என்றான். குச்சி பிடிப்பதைச் சொன்னேன். “சூப்பர்ப்பா!” என்றான். மூன்றாவது தடவை மட்டும் கேட்கவே இல்லை. ஆவணி போனது. தீபாவளிச் சீசன் வந்து, ரோடெல்லாம் வெடி லோடு ஏற்றிய லாரிகளாக ஓடி, அதுவும் முடிந்தது. தீபாவளிக்குப் பிறகு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வெடிக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும், வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் ஓடாது. ஊரே அசந்து படுத்திருக்கும். எழுந்து நடமாடுகிறவனுக்குத்தான் சங்கடம்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், கிண்ணத்தில் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். கடையிலும் கூட்டமில்லை. அந்தப் பெண்மணி பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னும் கேக்கலையா அண்ணாச்சி, மகன்?”

“இல்லம்மா.”

“அங்கனயே இருந்து அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். நீங்களே சொல்லிருங்க. எம்புட்டு நாளைக்கு இலைக்கு முன்னால நின்னுக்கிட்டே இருப்பீக?”

அங்கேயே உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். எனக்கு ஒரு மணி என்றால் அவனுக்கு இரண்டரை. எடுத்ததும் காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன். “யப்பா! அம்புட்டையும் நீங்களா சாப்பிட்டீக?” என்று கத்தினான். அவன் பின்னால் வயதான ஓர் அம்மாள், இடுப்பில் என் பேத்தியோடு வந்து எட்டிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

“என்னய்யா சொல்றாக?”

“இலை இன்னும் நெறையப் போட்டுச் சாப்பிடணுமாம். இன்னொரு கிண்ணம் வாங்கிக்கிடச் சொல்றாக.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அவ அம்மாப்பா. ஊரு வீட்டைக் குடுத்துட்டு இங்கயே வந்துட்டாக. நீங்கதான் வரலைன்னு சொல்லிட்டீகளா, பாப்பாவைப் பாத்துக்கிட ஆளு வேணும்லப்பா. கூடுதலா இருக்கிறதே ஒரு ரூம்தான்.”

“அதுக்கென்னய்யா. நல்லதுதான்.”

“ஒரு பத்து நாளைக்குன்னா வாங்கப்பா. ஹால்ல படுத்துக்கிடலாம்.”

“இருக்கட்டும்யா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சரிப்பா” என்றான்.

பேத்தி திரையைத் தட்டியதில் போன் நின்றுவிட்டது. ஆனைக்குட்டத்துப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். “போதுமா?” என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய கரண்டியில் சாறு கொண்டுவந்தார். நான் கையால் மறித்தேன். “கையை எடுங்க, சுட்டுரும்” என்று சொல்லி ஊற்றிவிட்டுப் போனார். வயிறு நிறைந்திருந்தும் குடித்தேன்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து திருத்தங்கல் தாண்டும்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். பேத்தி பிறந்தபோது ஒன்று. திதிக்கு ஒன்று. ‘ஹால்ல படுத்துக்கிடலாம்’ என்றானே, அது மூன்று. மாதக் கணக்கில் காத்திருந்த மூன்றாவது தடவை வந்தது. அதற்கும் நான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மூன்றுக்கு மேல் எங்கள் ஊரிலும் யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இலை போடுமுன்னே உட்கார்ந்தேன்.

“ஹால் போதும்யா. நான் வாரேன். பாஸ்போர்ட் வாங்கி வச்சுட்டேன்.”

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு சொன்னான்:

“பாக்குறேன்ப்பா.”

இங்கே யாராவது ‘பாக்குறேன்’ என்று சொன்னால், முடியாது என்று சொல்ல மனசு வராமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று. திதி அன்றைக்கு அவனிடம் நானும் ‘பாப்பம்’ என்றுதான் சொன்னேன். போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.