நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே வாசல்

என் நாய்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். பெயர் காதில் விழுந்தால் இரண்டும் எழுந்து வந்து மேசைக்கடியில் இடம் பிடித்துவிடும். அப்புறம் எழுத்தாவது கிழுத்தாவது. ஆகவே நெட்டை, குட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

நெட்டை சிப்பிப்பாறை, வேட்டை நாய் இனம். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் என் அப்பா வீட்டிலிருந்து, வழியெல்லாம் மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்த செவலைக் குட்டி. ஆறே மாதத்தில் சாப்பாட்டு மேசைமேல் என்ன இருக்கிறது என்று நின்றபடியே பார்க்கும் உயரம் வந்துவிட்டாள். குட்டை டாஷண்ட், நீள உடம்பும் குட்டைக் காலுமான சீமை இனம். என் கணவரோடு வேலை பார்த்தவர் வடக்கே மாற்றலாகிப் போனபோது விட்டுச்சென்ற கறுப்பி. அவளுக்குக் கால்கள் உண்டு என்பது நடக்கும்போதுதான் தெரியும். கூப்பிட்டால் நெட்டை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். வருவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்வாள். குட்டை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இரண்டும் பெண். என்னையும் சேர்த்தால் ஒரே வீட்டில் மூன்று ராணிகள்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், கோட்டையிலிருந்து நடக்கிற தூரம். எனக்கு அலுவலகத்தில் பகல் வேலை. கணவருக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. குட்டை வந்த மூன்றாம் நாளே சண்டை தொடங்கியது. காரணம் என்று எதுவும் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்பதே போதும்.

இந்த இடத்தில்தான் நாங்கள் அதிமேதாவித்தனமாக ஒரு காரியம் செய்தோம். ஷிப்டிலேயே வாழும் குடும்பத்துக்கு வேறென்ன தோன்றும்? நாய்களுக்கும் ஷிப்ட் போட்டோம். காலையில் நெட்டை கூடத்தில், குட்டை உள்ளறையில். மதியத்துக்கு மேல் மாற்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டினோம். ஒருவர் வேலைக்குக் கிளம்புமுன் மற்றவருக்குக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். “நெட்டை உள்ளே. கதவு பூட்டியாச்சு. குட்டை வெளியே, சாப்பிட்டாச்சு, மூச்சா போகல” என்று கணவர் எழுதி, கீழே கையெழுத்தும் போடுவார். இரண்டு மாதம் சண்டை இல்லை. எங்களைப் போல் உண்டா என்று இரண்டு பேரும் தோளைத் தட்டிக்கொண்டோம். மூடிய கதவின் இருபுறமும் இரண்டும் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து உறுமிக்கொண்டே இருந்ததை மட்டும் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலை. கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குறிப்பு எழுதாமல் படுத்துவிட்டார். நெட்டையை அவர் கொல்லையில் விட்டிருக்கிறார் என்று நினைத்து நான் குட்டையை உள்ளறையிலிருந்து வெளியே விட்டேன். நெட்டை கொல்லையில் இல்லை. சோபாவுக்குப் பின்னால் இருந்தாள். பிரித்தெடுப்பதற்குள் குட்டையின் ஒரு காது இரண்டாகக் கிழிந்துவிட்டது. நெட்டையின் முன்னங்காலில் நாலு பல் இறங்கியிருந்தது. தரையெல்லாம் ரத்தம். நான் போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். இருப்பது ஒரே கார், அடிபட்டதோ இரண்டு நாய். அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக அழைத்துப்போக நேரமில்லை. கணவரைக் காரை எடுக்கச் சொல்லி, நெட்டையைப் பின்சீட்டில் ஏற்றி, குட்டையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே உட்கார்ந்தேன். வழியில் மறுபடியும் கடித்துக்கொண்டால் என் கைதான் முதலில் போகும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தன.

மருத்துவமனையில் கூட்டம். எங்கிருந்தோ ஒரு பெரிய நாய் குரைத்தது. அவ்வளவுதான், நெட்டை என் பெஞ்சுக்கு அடியில் புகுந்தாள். மடியிலிருந்து நழுவிய குட்டையும் அதே பெஞ்சுக்கு அடியில் போனாள். குனிந்து பார்த்தால், குட்டை நெட்டையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நெட்டை அவள் தலைக்கு மேலே தன் கழுத்தை நீட்டி வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காதைக் கிழித்தவள் அவள்தான்.

அதே நேரத்தில் கணவர் வாசலில் நின்று செய்யூரில் இருக்கும் தன் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அங்கே வேர்க்கடலை நிலம். விதை போட்டதும் காட்டுப்பன்றி வந்து கிளறிவிடுகிறது, நெட்டையைக் கொடு, மோட்டார் கொட்டகையில் கட்டிவைக்கிறேன் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பொங்கல் முட்ஞ்ச ஞாயித்துக்கெழம அண்ணன் வண்டி எட்த்துகினு வருது. பெர்சு போவட்டும்மே. இன்னொரு தபா இந்த மாரி ஆச்சுன்னா சின்னது பூடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஓடுவதற்கென்றே பிறந்தவளைச் சங்கிலியில் கட்டி, ஒரு கொட்டகையில் போடுவதா? அன்று நான் அழுதேன். மருந்துச்சீட்டோடு வந்தவர்கள் எல்லாம் பார்க்கப் பார்க்க அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அதுக்குள்ள ரெண்டும் ஒத்துமையாயிட்டா?” என்று கேட்டேன்.

“ஆவட்டும், பாப்போம். அண்ணனே கண்ணால பாத்து வாணாம்னு சொன்னா சரி.”

வரும் வழியெல்லாம் பெஞ்சுக்கடியில் பார்த்ததையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த இடம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. அதனால் அங்கே பகையும் இல்லை. வீட்டில் பகையை வளர்த்தது யார்? நாங்கள்தான். அரை நாளுக்கு ஒருமுறை “இது உன் இடம்” என்று ஒருத்தியை உட்காரவைத்து, மறுபடி வேறொருத்தியின் வாசனையோடு அதே இடத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்படியானால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

காயம் ஆறியதும், விடிந்தும் விடியாததுமாக இரண்டையும் கடற்கரைக்கு அழைத்துப் போகத் தொடங்கினேன். இடது கையில் ஒரு கயிறு, வலது கையில் ஒரு கயிறு. ஒன்று பறக்கப் பார்க்கும், இன்னொன்று மணலில் சப்பென்று உட்கார்ந்துவிடும். நடுவில் நான் சிலுவையில் அறைந்த மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நிற்பேன். வலை உலர்த்துகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“யக்கா, ஏணி ஒண்ணு, மணை ஒண்ணு. எங்கக்கா புட்ச்சிகினு வந்த?” என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் ஒரு சட்டம் வைத்தேன். வாசற்படியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருத்தி முந்தினால் கதவு திறக்காது. முதல் நாள் அந்தப் படியில் முக்கால் மணி நேரம் நின்றோம். அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது, மேலதிகாரியிடம் பேதி என்று சொன்னேன். பிடிவாதத்தில் என்னை ஜெயிக்க இன்னொருத்தி பிறக்க வேண்டும் என்பதை இரண்டுக்கும் புரியவைக்க ஒன்பது நாளானது. பத்தாம் நாள் குட்டை படியில் ஏறி, நின்று, நெட்டை வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். யார் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத ஜென்மம் அது. நான் அங்கேயே அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

அப்புறம் நண்டு வந்தது. குட்டைக்கு மணலில் வளை கண்டால் போதும், தலைகீழாகத் தோண்டுவாள். ஒருநாள் அவள் தோண்ட, நண்டு வேறு வழியாகக் கிளம்பி ஓட, நெட்டை கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்தாள். நண்டு தப்பித்துக் கடலுக்குள் போய்விட்டது. ஆனால் நெட்டை நேராகத் திரும்பி வந்து, அடுத்த வளையின் பக்கத்தில் குட்டைக்காகக் காத்து நின்றாள். அன்றிலிருந்து அவர்கள் கூட்டாளிகள். ஒருத்தி கிளப்புவாள், ஒருத்தி துரத்துவாள். ஒரு நண்டையும் பிடித்ததில்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

மார்கழி முடிவதற்குள் இரண்டும் ஒரே கூடத்தில் தூங்கின. நடுவில் இரண்டு முறை முறைத்துக்கொண்டன, ஒரு தலையணை பஞ்சு பஞ்சாகப் போனது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறும் வந்தது. கணவரின் அண்ணன் சின்ன லாரியில், கையில் புதுச் சங்கிலியோடு வந்து இறங்கினார். ஒரு பையில் பொங்கலுக்கு வெட்டிய ஆட்டின் எலும்பும் கொண்டுவந்திருந்தார்.

“மாமா, இப்ப ரெண்டும் சண்டை போடுறதில்ல. நீங்களே பாருங்க” என்றேன்.

“நீ சொன்னா ஆச்சாம்மா?” என்றவர், நான் தடுப்பதற்குள் பையில் கையை விட்டு ஒரே ஒரு தொடை எலும்பை எடுத்து, இரண்டு நாய்களுக்கும் நட்டநடுவில் போட்டார்.

அது நானே இதுவரை செய்து பார்க்கத் துணியாத பரீட்சை. குட்டை பாய்ந்து எலும்பைக் கவ்வினாள். நெட்டை எழுந்து நின்றாள். முதுகு முடி சிலிர்த்தது. குட்டையின் தொண்டையில் உறுமல் கிளம்பியது. கணவரின் கை என் கையைப் பிடித்தது. கத்தினால் கெட்டுவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த மிக நீண்ட நிமிடம் அதுதான்.

நெட்டை எலும்பைப் பார்த்தாள். குட்டையைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு, அவள் பக்கத்திலேயே காலை மடக்கிப் படுத்து, தன் முறைக்காகக் காத்திருந்தாள். சதையெல்லாம் தின்று முடித்த குட்டை, எலும்பை விட்டுவிட்டு நகர்ந்தாள். நெட்டை அதை எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“இன்னாம்மா நாயி இது? மூஞ்சிக்கு நேரா கீற எலும்ப அந்தத் தம்மாத்தூண்டுக்கு வுட்டுக்குட்த்துட்டு குந்திகினு கீது! இது எங்க பன்னியத் தொரத்தப் போவுது? எனக்கு வாணாம், நீயே வச்சிக்கோ.”

“அது நல்லா தொரத்தும்ணே…” என்று கணவர் ரோஷத்தோடு ஆரம்பித்தார். நான் அவர் காலை நன்றாக அழுத்தி மிதித்தேன். என் நாயை இவ்வளவு கேவலமாக யாரும் திட்டியதில்லை. எனக்கு இவ்வளவு சந்தோஷமும் இருந்ததில்லை. “ஆமா மாமா, சுத்த சோம்பேறி” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இலை போட உள்ளே போனேன்.