முட்டையில் நின்ற கல்யாணம்

“...முட்டையும் போடுமாம், பாலும் கொடுக்குமாம். அதை எங்கிட்டயே வந்து சொல்லுதான். இப்படிக் கூசாமப் புளுகுத பயலுக்கா எம் பொண்ணைக் கொடுப்பேன்?”

போன ஞாயிற்றுக்கிழமை தருவைகுளத்தில் சூசை அண்ணாச்சி என்னிடம் பொரிந்து தள்ளியது இது. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். அவர் மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்க வந்த பையனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆஸ்திரேலியாவில் கரை இறங்கியபோது பிளாட்டிபஸ் என்றொரு பிராணியைப் பார்த்தேன் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். வாத்து அலகு, உடம்பெல்லாம் ரோமம், முட்டை போட்டுக் குட்டிக்குப் பால்... அவ்வளவுதான். சம்பந்தம் அந்தரத்தில்!

ஜெனிட்டாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

“மாமா, அப்பா வலையில மாட்டுன சுறா வருசா வருசம் ஒரு அடி வளருது. அத மட்டும் ஊரே நம்பணும்” என்றாள் என்னிடம்.

செல்போனில் படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி அசரவில்லை. “இப்பம்லாம் போன்ல யானைக்கே றெக்கை வச்சுக் காட்டுதானுவ.”

எனக்கும் ஒரு சந்தேகம் — முட்டை போடுவதை எதற்குப் பாலூட்டியில் சேர்த்தார்கள்? பல்லி, பறவை பக்கம் தள்ளிவிட வேண்டியதுதானே? அங்கேயே உட்கார்ந்து தேடி, அவர்களுக்கும் கேட்கும்படி படித்தேன்.

குட்டி எப்படி வெளியே வருகிறது என்பது கணக்கே இல்லையாம். ரோமம் இருக்கிறதா, பால் கொடுக்கிறதா... அதுதான் பார்வை. பாலூட்டி என்கிற வீட்டில் மூன்று அறை. முட்டையிடும் பிளாட்டிபஸும் முள் உடம்பு எக்கிட்னாவும் ஓர் அறை. வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் கங்காரு வகையறா அடுத்தது. மனுஷனையும் சேர்த்து மிச்சப் பேரெல்லாம் மூன்றாவதில்.

“அப்ப நம்ம கடல்பசு?”

“உங்க அறையிலதான் அண்ணாச்சி.”

ஜெனிட்டா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

“இதக் கேட்டு வேற எவனும் சந்தேகப்படலியா?”

ஏன் இல்லை? இந்தப் பிராணியின் தோல் முதன்முதலில் இங்கிலாந்து போனபோது, வாத்து அலகை வைத்துத் தைத்திருக்கிறார்களோ என்று விஞ்ஞானிகளே சந்தேகப்பட்டார்களாம். அதைச் சொன்னேன். நாம் போடும் அறைகளைக் கேட்டுக்கொண்டா பிராணிகள் பிறக்கின்றன?

“படிச்சவனுவளே நம்பலியா...” அண்ணாச்சியின் முகம் லேசாகத் தெளிந்தது. தோற்றது தான் மட்டுமில்லை என்றால் மனுஷனுக்கு விட்டுக்கொடுப்பது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது!

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பையனின் நம்பரைத் தட்டினார். எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “மாப்ள... சாப்ட்டியளா?” என்றார்.