சோயா சாஸ் தீர்ந்த வாரம்

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி ராதிகா நடத்தும் தள்ளுவண்டிக் கடையில் இரண்டு இரும்புச் சட்டிகள் உண்டு. ஒன்று கோழிக்கும் முட்டைக்கும். மற்றது சைவத்துக்கு. சைவச் சட்டியைத் தேய்க்கிற நாரைக்கூட அவள் தனியாக வைத்திருந்தாள். ஃப்ரைடு ரைஸ் தின்ன வருகிறவர்களில் சைவம் கேட்பவர் எத்தனை பேர் என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேட்கிற அந்த ஒருத்தருக்காகத்தான் என்பாள்.

முள்ளுக்குறிச்சிப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன் சேலத்தில் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடைக்கு வெங்காயம் உரிக்கப் போனாள். அங்கே சட்டி பிடித்த மாஸ்டர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட, முதலாளி கரண்டியை இவள் கையில் கொடுத்தார். பிறகு அது கையை விட்டு இறங்கவே இல்லை. பூபதியைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்த பின், அவன் சரக்கு ஆட்டோ ஓட்டினான், இவள் கடை போட்டாள்.

சைவம் கேட்கிற அந்த ஒருத்தர் பெரும்பாலும் மாதம்மாள்தான். மலையிலேயே உள்ள குண்டனி நாட்டுக் கிராமத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வெங்காயத்தாளும் முட்டைகோசும் கொண்டுவந்து ராதிகாவிடம் போடுவார். போட்டுவிட்டு ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிடுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தும் நூடுல்ஸ் மேல் சின்னப்பிள்ளை போல ஓர் ஆசை. அவருடைய மகள் யமுனாவுக்கு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இப்போது மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். இந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து, அறப்பளீஸ்வரர் கோயிலில் அதற்கு முடி இறக்கும் வரை கறி மீன் தொடுவதில்லை என்று மாதம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் களி இறங்காது அவருக்கு. இதையெல்லாம் ராதிகாவிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து லாரியும் பஸ்ஸும் நின்றன. பூபதியின் ஆட்டோ அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டது. செம்மேட்டுக் கடைகளில் சோயா சாஸ் தீர்ந்தது. கடையை மூட ராதிகாவுக்கு மனமில்லை. வெல்லத்தைக் கருகும் பதம் வரை காய்ச்சி, புளித்தண்ணீர் ஊற்றி, உப்பும் நுணுக்கிய மிளகும் போட்டு இறக்கினாள். நிறம் அப்படியே வந்தது. ருசிதான் வரவில்லை. புளிப்பும் இனிப்பும் நாக்கின் மேலேயே நின்றன, அடியில் ஒன்றுமில்லை. சாஸில் இருக்கும் அந்த ஆழ்ந்த ருசி எதில் கிடைக்கும் என்று யோசித்தபோது, பேளுக்குறிச்சி சந்தையில் வாங்கி வைத்திருந்த நெத்திலிக் கருவாடு கண்ணில் பட்டது. அதை வேகவைத்து வடித்து, தண்ணீரைப் பூண்டோடு சுண்டக் காய்ச்சிக் கலந்தாள். கவிச்சி போய்விட்டது. ருசி மட்டும் நின்றது. கோழி ரைஸ் தின்றவர்கள், சாஸை மாற்றிவிட்டாயா, நன்றாயிருக்கிறதே என்றார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாதம்மாள் நனைந்து வந்தார். பஸ் இல்லாததால் நடந்தே வந்திருந்தார், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடையில் கூட்டம். ராதிகா மறக்காமல் சைவச் சட்டியை அடுப்பில் வைத்தாள், தனிக் கரண்டியை எடுத்தாள், நூடுல்ஸைக் கொட்டினாள். பழக்கத்தில் கை அந்தக் கருவாட்டுச் சாஸ் பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டது. ஊற்றிய பிறகுதான் உறைத்தது. அதுதான் கடைசிப் பாக்கெட் நூடுல்ஸ். மாதம்மாள் நடுங்கிக்கொண்டு தட்டுக்குக் கை நீட்டி நின்றார். ராதிகா கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாய் சாப்பிட்டு மாதம்மாள் நிமிர்ந்தார்.

"ஏங்கண்ணு, இன்னிக்கு என்ன போட்டே?"

"சாஸ் தீந்துபோச்சுங்க்கா. புளியும் வெல்லமும் காச்சி ஊத்துனேன்."

அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. மாதம்மாள் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டதை ராதிகா பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

அத்தோடு நின்றிருந்தால் தன்னை மன்னித்துக்கொண்டிருப்பாள். பாதை சரியாகி, பூபதி சாஸ் பாட்டில்களோடு வந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை மாதம்மாளுக்குக் கடைச் சாஸ் ஊற்றியே செய்து கொடுத்தாள். அவர் பாதியை வைத்துவிட்டு, அன்றைக்குப் போல இல்லையே என்றார். குரலில் குறை இல்லை, ஏமாந்த முகம் மட்டும் இருந்தது. அதற்கடுத்த வாரம் அந்த முகத்தை மறுபடி பார்க்க முடியாமல், மிச்சமிருந்த பழைய பாட்டிலைத் தெரிந்தே எடுத்தாள். அதற்கடுத்த வாரமும்.

மார்கழியில் யமுனாவுக்கு மாதம் நிறையாமலே வலி கண்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை போதாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று பூபதிதான் வந்து சொன்னான். ராதிகா கையிலிருந்த முட்டைகோசை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அவனிடம் சொன்னாள்.

"உன்ற கருவாட்டுக்கும் அந்தக் கொழந்தைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் பாத்துக்குவாங்க. இதைப் போயி யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத" என்றான் பூபதி.

அவன் சொல்வது சரியென்று அவளுக்கும் தெரியும். அவள் அவ்வளவாகச் சாமி கும்பிடுகிறவளும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தான் எங்கே தவறினோம் என்று மாதம்மாள் தன்னையே குடைந்துகொண்டிருப்பார். பதில் இவளிடம் இருக்கும். கடையைச் சாத்திவிட்டு நாமக்கல் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் குழாயடியில் மாதம்மாள் சோப்புத் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தார். குழந்தை கொஞ்சம் தேறிவருகிறது, பால் இறங்குகிறது என்றார். அந்த நல்ல செய்தியோடு திரும்பியிருக்கலாம். ராதிகா திரும்பவில்லை. முதல் வாரம் கை தவறியதையும், பிறகு தெரிந்தே ஊற்றியதையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

மாதம்மாள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். பிறகு தலையைத் தூக்காமலே பேசினார்.

"நெத்திலின்னு மொத வாயிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு."

ராதிகாவுக்குப் புரியவில்லை.

"இத்தன வருசம் தின்ன நாக்கு. தெரியாமப் போகுமா? உன்னையக் கேட்டா நீ சொல்லிருவே. சொல்லிட்டா நான் திங்க முடியாது. அதான் ஒருக்காத்தான் கேட்டேன், நீ புளின்னு சொன்னதும் விட்டுட்டேன். தெரியாமத் தின்னா சாமி ஒண்ணும் சொல்லாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அக்கா, தப்பு என்மேலதானுங்க."

"நீ வந்து சொல்லியிருக்க வேண்டாம் ராதிகா. சொல்லாத வரைக்கும் தெரியாதுன்னே இருந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, பாப்பாவைப் பார்க்க நேரமாச்சு என்று உள்ளே போய்விட்டார். பாரத்தை இறக்கிவைக்க வந்த ராதிகா, அதை அந்த அம்மாள் தலையில் ஏற்றிவிட்டதாக உணர்ந்தபடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையேறினாள்.

மீதமிருந்த கருவாட்டுச் சாஸை அன்றே சாக்கடையில் கொட்டினாள். பின்னாளில் காளானைக் காயவைத்து வேகவைத்த தண்ணீரில் அதே போன்ற ருசியைக் கொஞ்சம் கொண்டுவர முடிந்தது. சைவத்துக்கு அதைத்தான் ஊற்றுகிறாள், என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்காதவர்களுக்கும் சொல்லியே கொடுக்கிறாள். மாதம்மாள் பழையபடி சனிக்கிழமைகளில் காய் கொண்டுவந்தார். முகம் கொடுத்துப் பேசினார். சாப்பிட மட்டும் நிற்கவில்லை. பஸ் வந்துரும் என்பார்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. ஒரு வயதில் அறப்பளீஸ்வரர் கோயிலில் முடி இறக்கினார்கள். ராதிகாவையும் பூபதியையும் யமுனாவே வந்து அழைத்திருந்தாள். கோயிலிலிருந்து திரும்பி வீட்டில் கிடா வெட்டி விருந்து. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை ஒவ்வொரு மடியாகத் தாவிக்கொண்டிருந்தது. மாதம்மாள் எல்லோர் இலையிலும் குனிந்து கறி வைத்தார். ராதிகா இலையில் எலும்பில்லாத துண்டாகத் தேடி வைத்தார். கடைசிப் பந்தியில் அவரும் ராதிகா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இலையில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன.

"வேண்டுதல்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டாள் யமுனா.

"இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றார் மாதம்மாள்.

யமுனா சிரித்துக்கொண்டே பாத்திரத்தோடு நகர்ந்தாள். ராதிகா கறியையும் சோற்றையும் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.