கருப்பட்டி மிட்டாய் என்ன செய்துவிடும்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த புரட்டாசி மாதம். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில் என் கணவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தொன்பது. சர்க்கரை வியாதி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் ரொம்பக் கண்டிப்பான ஆள் என்று எனக்கு நினைப்பு. காபியில் சீனி கிடையாது. பண்டிகைக்குக்கூட லட்டைக் கண்ணில் காட்ட மாட்டேன். ஆனால் சனிக்கிழமை தவறாமல் கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் நானே வாங்கி வைப்பேன். எங்கள் பக்கத்தில் கருப்பட்டியை யாரும் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்புக்கு நல்லது என்றுதான் பேசுவார்கள். வேலைவிட்டு வந்ததும் நாலைந்து துண்டு சாப்பிடுவார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் அவர் வீட்டுக்குள் நடந்து வந்த தடமெல்லாம் ரத்தம். கலவை அறையில் செருப்புப் போடக் கூடாது, உரசினால் தீப்பிடித்துவிடும். அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். வெளியே போய் வரும்போது எங்கேயோ கருவேல முள் ஏறி, பெருவிரலுக்கு அடியில் ஒடிந்து, சீழ் பிடித்துக் கிடந்தது.

“என்னங்க, இம்புட்டுப் பழுத்துருக்கு. வலிக்கவே இல்லையா?”

“இல்லையே புள்ள. நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

மறுநாளே விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், என்னவெல்லாம் சாப்பிடுகிறார் என்று கேட்டார். “சீனியவே தொட விடமாட்டேன் சார். கருப்பட்டி மிட்டாய் மட்டுந்தான்” என்று பெருமையாக வேறு சொன்னேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கருப்பட்டியும் சர்க்கரையை ஏத்தத்தாம்மா செய்யும். அதான் கால் மரத்துப்போயிருக்கு. விரல் அழுகிப்போச்சு, இப்ப எடுக்கலைன்னா காலே போயிரும்.”

விரலை எடுத்தார்கள். கால் தப்பியது, வேலை போனது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் கணவர் முள்ளைத்தான் குறை சொன்னார். மிட்டாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது மாதத்தில் ஒரு நாள், டாக்டர் சொன்னபடி, சாப்பாட்டோடு ஒரே ஒரு சின்னத் துண்டு. அதை அவ்வளவு நிதானமாக ருசித்துச் சாப்பிடுவார். பார்க்கப் பார்க்க, இன்னொன்று கொடுத்தால்தான் என்ன என்று இந்தப் பாழும் மனசு கேட்கும். “போதும் புள்ள” என்று அவரே டப்பாவை மூடிவிடுவார். அந்த வார்த்தையை அன்றைக்கே நானல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.