திரைக்குப் பின்னால் கேட்ட வயது

எனக்கு முதலில் தெரிந்தது மணம்தான். மாதவிடாய் நின்று நான்கு வருடமான பிறகு வெள்ளை படத் தொடங்கியது, அது நாறியது. ஆனால் எங்களுடையது மண்டைதீவில் மீன்பிடிக்கிற வீடு. வலையும் கருவாடும் கிடக்கிற வளவில் எந்த மணத்தை யார் பிரித்தறிவது? பிறகு இரத்தமும் பட்டது. நின்றது திரும்பியிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். துணிகளைக் கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னால் காயப்போட்டேன்.

ஒன்பது மாதம் இப்படி ஓடிற்று. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். தாய்க்கு இப்படியொரு வருத்தம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பயந்தேன். கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாமல் முற்றத்துக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே திரிந்தேன்.

கூறைச் சேலை எடுக்க மகளோடு யாழ்ப்பாணம் புறப்பட்ட அன்று, இராணுவச் சோதனைச் சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கத் திரை கட்டிய சிறு அறை. உள்ளே ஒரு சிங்களப் பெட்டை, என் மகளின் வயதுதான் இருக்கும். அவளுடைய கை நான் கட்டியிருந்த துணியில் பட்டு நின்றது. தொடைகளை இறுக்கிக்கொண்டு, மாதவிலக்கு என்றேன். அவள் மற்றக் கையிலிருந்த என் அடையாள அட்டையைப் பார்த்தாள்.

“அம்மாக்கு ஐம்பத்தஞ்சு வயசு,” என்றாள், தெரிந்த தமிழில். “இது சரியில்ல. டொக்டர் பாக்கணும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிய புருஷனுக்குத் தெரியாததைச் சீருடை போட்ட ஒருத்தி தொட்டு அறிந்துவிட்டாளே என்ற கோபம். கடைக்காரர் சேலைகளை விரிக்க விரிக்க ஒரு நிறமும் கண்ணில் ஏறவில்லை. கடைசியில் அங்கேயே உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் விரித்த சேலையை மடித்து வைத்தாள். “கூறை பிறகு எடுக்கலாம், அம்மா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

சதைத்துணுக்குச் சோதனையில் (சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று வந்தது. ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று வைத்தியர் அம்மா கேட்டார். மகளின் கலியாணம் என்றேன்.

“கலியாண நாளிலை மகளுக்குத் தாய் வேண்டாமோ?” என்றார் அந்த அம்மா.

போர்நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்த காலம் அது. கொழும்புக்கு பஸ்ஸில் போய்க் கதிர்ச் சிகிச்சை (கதிர்களால் புற்றுக் கலங்களை அழிப்பது) எடுத்தேன். வயிற்றால் போனது, சிறுநீர் எரிந்தது, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அனலைதீவுப் பெண் நோய் முற்றிய பிறகு வந்தவள். அவள் ஊர் திரும்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது சம்பந்தியே கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். இவர்களுக்கா பயந்தேன் என்று நினைக்க இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

இதை வாசிக்கிற அக்கா, தங்கச்சிமாரே, நின்றது திரும்பி வராது. வந்தால் அது வேறு. அன்றே போய்க் காட்டுங்கள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். வருடத்தில் அந்த இரண்டு நாட்கள்தான் எனக்கு நாட்கள், மற்றவையெல்லாம் காத்திருப்பு. போனமுறை புறப்பட்டபோது சாவடியில் வேறொருத்தி இருந்தாள். அந்தப் பிள்ளை மாற்றலாகிப் போய்விட்டாளாம். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் விட்டேன்.

இவள் கேட்க முன்னமே கைகளை உயர்த்தினேன். அவளுடைய கைகள் என் அடிவயிற்றைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை.

“போங்க,” என்றாள்.

ஒரு கணம், ஒன்றுமில்லை, போங்க என்று வைத்தியரே சொன்னதாக நம்பினேன். பிறகு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன்.