பவுனம்மாள் ஆறவைத்த குழம்பு

பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக் குப்பத்தில் பவுனம்மாள் வைக்கும் மடவை மீன் குழம்புக்குத் தனிப் பேர் உண்டு. ஒரே ஏரி, ஒரே மீன்தான். காட்டூர் உழவர் வீடுகளில் அதையே கத்தரிக்காய் போட்டு நீர்க்க வைத்து, சூடு அடங்கும் முன் தின்று தீர்ப்பார்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர்களோ மீனைக் காடியில் ஊறப்போட்டுச் சில்லென்று தின்பார்கள். இரண்டையும் சாப்பாடு என்றே பவுனம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள். புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகு அரைத்து விட்டு, மண்சட்டியில் கொதிக்கவைத்து, மறுநாள்தான் அதைத் தொடவேண்டும். அவள் குப்பத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். மண்சட்டி தவிர வேறு பாத்திரம் அங்கே யார் வீட்டிலும் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஒல்லாந்தர்கள் ஆட்களைப் பிடித்து, அடிமைகளாகக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பியதாகப் பேச்சில்லை. பவுனம்மாளின் புருஷன் அங்கமுத்துவையும் பிடித்து, கோட்டையில் அடைத்து, பட்டியலில் பேர் எழுதிவிட்டார்கள்.

கோட்டை வாசலில் அழுதுகொண்டு கிடந்தவளைப் பார்த்து மனம் இளகினார் அங்கே சமையல்காரராக இருந்த காட்டூர் தனக்கோடி. உள்ளே போய்க் கிடங்குத் துரையிடம் பேசிவிட்டு வந்தார்.

"நாளைக்கு மத்தியானம் விருந்து. உன் கொழம்பு புடிச்சிருந்தா அங்கமுத்து பேரை அடிச்சிடறேன்னு சொல்றாரு. சட்டிய வெளியவே வச்சிடு, மண்சட்டி இங்க ஆவாது. உள்ள தாமிர அண்டா கீது."

"சரிண்ணே."

தனக்கோடி ஊருக்குப் போய்விட்டார். அண்டாவின் உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து நாளாகியிருந்தது. பூசவைக்க வேண்டியது அவர் பொறுப்பு. வெறும் தாமிரத்தில் புளியை விட்டுவைத்தால் விஷமென்று காட்டூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

பவுனம்மாள் சாயங்காலமே அந்த அண்டாவில் குழம்பை வைத்து, மூடி, ஆறவிட்டாள். காலையில் திறந்தால் ஓரமெல்லாம் பச்சை படிந்திருந்தது. பழகாத அண்டா, பழகாத அடுப்பு, அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வாள் பாவி? இன்னொரு குழம்புக்கு மீனும் இல்லை, பொழுதும் இல்லை.

விருந்து பாதியிலேயே நின்றது. துரையும் விருந்தாளிகளும் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய தனக்கோடி அண்டாவை எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அதைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் மண் போட்டுத் தேய்த்தார். அண்ணன் ஒத்தாசை செய்கிறார் என்றே பவுனம்மாள் நினைத்தாள்.

"இன்னாடி போட்டே?" என்று காவல்காரன் உலுக்கினான்.

"வூட்ல போடறதுதான் சாமி!" மேசையில் ஒரு கிண்ணத்தில் மிஞ்சியிருந்த குழம்பை எடுத்து எல்லார் எதிரிலும் மடமடவென்று குடித்தாள். சற்று நேரத்தில் அவளும் வாந்தியெடுத்தாள். அவள் விஷம் வைத்தாள் என்பதற்கு அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது. தனக்கோடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கமுத்துவின் பேரை யாரும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே பவுனம்மாளின் பேரை எழுதினார்கள்.

கப்பலுக்குப் போன படகில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மீனு நல்ல மீனுய்யா. புளி பழைய புளி. மொளகு நானே அரைச்சேன். எதுலய்யா தப்பு பண்ணேன்?"

"உன் கைல தப்பு வராதுமே" என்றான் அங்கமுத்து.

அவள் மறுபடியும் மீனிலிருந்து ஆரம்பித்தாள்.