முகத்துவாரத்தில் பிடிபட்டவர்கள்

ஏரியில் காவல் இருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: குற்றம் எது, பிழைப்பு எது என்று தண்ணீரில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. தோப்புக் காவலோ களத்துக் காவலோ பார்த்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு நான் ஏரிக் காவல் சேவகன். கட்டளைகள் இரண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், சரக்குத் தோணி போகும் வழியை மறித்து வலை கட்டக்கூடாது. துரையின் அனுமதி இல்லாமல் பறவை சுடக்கூடாது. வலை கட்டிப் பிடிபட்டவன் முதல் இரண்டு தடவை கோட்டை அகழியில் பாசி அள்ளவேண்டும். மூன்றாம் தடவை அவன் படகைக் கோட்டை எடுத்துக்கொள்ளும். படகு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தண்டோரா

முதல் நாள் மீனவர் ஊரான பசியாவரத்துக்குப் போய்த் தண்டோரா போட்டு, கட்டளையை உரக்கச் சொன்னேன். எல்லோரும் வலையைப் பழுது பார்த்தபடியே மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் கன்னியப்பன் மட்டும் ஊசியைக் கீழே வைத்தார்.

"எங்களுக்குச் சொல்ட்டீங்க, சரி. மீனுக்குச் சொன்னீங்களா? கடல்லேர்ந்து அது அந்த வழியாத்தான வருது."

கையும் வலையும்

எல்லம்மா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு அவள் பல்லில் இருக்கும். முகத்துவாரத்தின் நடுவிலேயே அவளைப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு இங்கே இறங்கினாய்?" என்று அதட்டினேன். நாலு தடவை கேட்டேன். பறி நிறைந்த பிறகுதான் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். "கட்டள வலைக்குத்தாண்ணா. என் கை இன்னா வலையா?" என்றாள். யோசித்துப் பார்த்து, போ என்றேன்.

மறுநாள் மத்தியானம் என் இலையில் இறால் விழுந்தது. எங்கே வாங்கினாய் என்று மனைவியைக் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கையால புடிச்சதாம். நீங்களே சரின்னு சொன்னீங்களாமே, சாப்புடுங்க."

தானாக விழுந்த நாரை

பசியாவரத்துக்காரர்கள் மட்டும்தான் என்னைப் படுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். கோட்டைச் சிப்பாய் ஒருவன், ஒல்லாந்தன், இரண்டு பூநாரைகளை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். நீளமான கால்கள் நாலும் வெளியே தொங்கின. அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு அவன் பாஷை வராது. கோட்டைக்குப்பத்துக்காரியான அவன் மனைவிதான் இடையில் நின்று பேசினாள். அவன் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் ஏதோ சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள்.

"ரெண்டும் தானா செத்து வுழுந்துச்சாம்ணா. இவரு பக்கத்துல நின்னு சும்மா துப்பாக்கியத் தொடச்சிக்கினு இருந்தாராம்."

ஆள் மாறியது

அமாவாசைக்கு அமாவாசை ஒருவனையாவது பிடித்து நிறுத்தாவிட்டால், காவல்காரன் தூங்குகிறான் என்று கோட்டையில் பேச்சு வரும். அந்தக் கவலை எனக்கு அதிகம் இருந்ததில்லை. மாதம் ஒருவன் மிகச் சுலபமாக அகப்பட்டுக்கொண்டிருந்தான். என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை வழக்கமான பக்கம் போகாமல், மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். வலையும் கையுமாக நின்றார் கன்னியப்பன். தோளில் கை வைத்தேன். மனிதருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! எந்த வீடு எந்த நாள் எங்கே வலை போடுவது என்று அந்த ஊரில் முறை வைத்திருப்பார்கள். பாடு என்பார்கள் அதை. எந்த வீடும் மூன்றாம் தடவை அகப்பட்டுப் படகை இழந்துவிடக்கூடாது என்று, என்னிடம் பிடிபடுவதையும் அந்தப் பாடு முறையில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"இன்னா சேவகரே, இன்னிக்கி என் முறையா? என் மச்சான் அந்தாண்ட வெயில்ல காத்துக்கினு கீறான், போய் அவனப் புடிங்க!"

முறை தீர்ந்தது

முறை சுற்றிச் சுற்றி, எல்லா வீடும் இரண்டு தடவை பிடிபட்டாகிவிட்டது. வருகிற அமாவாசைக்கு யார் அகப்பட்டாலும் படகு போகும். கோட்டையில் பெயர் எழுதி வைப்பதில்லை. எத்தனையாவது தடவை என்பதை நான்தான் சொல்லவேண்டும். மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன என்பீர்கள். துரை முன்னால் நின்றால் எனக்குப் பொய் வராது.

என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லம்மா வீட்டிலிருந்து குழம்பு வரும், கன்னியப்பன் வீட்டிலிருந்து சோறு வரும். அந்த அமாவாசைக்கு முன்னால் ஊர் கூடிப் பாடு பிரித்தபோது என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி வந்த கன்னியப்பன், கடைசியில் என் பெயரைச் சொன்னார். "நீ எங்க ஆளு. உனக்கும் ஒரு பாடு. படகு இல்லாதவன்கிட்ட எத்தப் புடுங்குவான்?" என்றார்.

அமாவாசை காலை முகத்துவாரத்தை மறித்து நானே வலை கட்டினேன். பிறகு கோட்டைக்குப் போய், வலை கட்டினவன் இவன் என்று என்னைக் காட்டினேன். துபாஷி அதைத் துரையிடம் சொல்வதற்குள் மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தார். அகழியில் ஒரு நாள் பாசி அள்ளினேன். சாயங்காலம் சேவகத் தலைப்பாகையை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் புதுச் சேவகன் பசியாவரத்துக்கு வந்து, இந்த ஊரில் யார் யார் எத்தனை தடவை பிடிபட்டவர்கள் என்று என்னைக் கேட்டான். துரை முன்னால் வராத பொய் இவனிடம் தாராளமாக வந்தது. ஒருவரும் இல்லை, எல்லோரும் தங்கமானவர்கள் என்றேன். அவன் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

"அப்போ பாடு மொதல்லேர்ந்து. மொத முறை உன்துதான், வலைய எடு."

இத்தனை வருஷக் காவலில் தேடிப் போகாமலே நான் பிடித்துக்கொடுத்த குற்றவாளி ஒருவன்தான், அவனையும் வேலையை விட்டுத் துரத்தினார்களே தவிர ஏரியை விட்டுத் துரத்த முடியவில்லை.